ஈ கூட நுழையாது

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகச் சிரிப்பவன் நான். இதை எழுத உட்காரும்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான், நான் என்ன செய்ய? சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து என் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்க்கலாம். அதில் நகம் கிடையாது. அன்றைக்குப் போனது இன்னும் முளைக்கவில்லை. டாக்டர் மூன்று களிம்பு மாற்றிக் கொடுத்துவிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தேதி 2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. பெங்களூருக்கு வடக்கே, சின்ன விமானங்கள் ஏறி இறங்கும் ஒரு திடல். வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டே போவது என் பழக்கம். அந்தச் சீட்டு இப்போது என் எதிரில் இருக்கிறது. நேரங்களை அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் உத்தமன். சொந்த ஊர் குடியாத்தம், வீடு பொம்மனஹள்ளியில். பன்னிரண்டு வருடம் குட்டி விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தேன். நாலு பேர் உட்காரும் விமானம். உள்ளே பழைய அம்பாசிடர் கார் அளவுக்குத்தான் இடம். கதவு ஒன்றே ஒன்று, வலது பக்கம். ஓட்டுகிறவர் முதலில் ஏறி இடது பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கதவைத் திறந்து இறங்கினால்தான் மற்றவர்கள் வெளியே வர முடியும்.

அந்தக் கதவு வேலையில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு திமிர். கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை இத்தனை தடிமன்தான் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நான் அதைவிட ஒரு சுற்று தடியாக ஒட்டுவேன். கைப்பிடி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டுமே! காற்று வராது, மழைத் தண்ணீர் வராது. "நான் போட்டா ஈ கூட நுழையாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி வேலை பார்த்தால், திரும்ப மூடுவதற்கு முன் உள்ளே தகட்டில் பென்சிலால் பெயரையும் தேதியையும் எழுதிவைப்போம். எழுதச் சொல்லி எந்த விதியும் இல்லை. எட்டுத் திருகைக் கழற்றாமல் அந்த எழுத்தை யாரும் பார்க்க முடியாது. அடுத்து கழற்றப்போகிற ஊர் பேர் தெரியாத மெக்கானிக்குக்கு அது ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

மாலை 3:30. விமானத்தின் உரிமையாளர் ப்ரஹ்லாத் வந்தார். சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர், தாத்தா காலத்திலேயே மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். நல்ல மனுஷன்தான், அன்றைக்குச் சிடுசிடுவென்று இருந்தார்.

"போன வருஷம் கதவையே மாத்தினேன். செகண்ட் ஹேண்ட்தான், ஆனா நல்ல கதவுன்னு சொல்லிக் கொடுத்தான். அப்பலேர்ந்து இதே தொல்லை. மேல ஏறினா விசில் அடிக்கறது. மழை பேஞ்சா மடியில சொட்டறது. நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு என் பொண்ணைக் கூட்டிண்டு போறேன். அதிதிக்கு நாளைக்கோட பத்து வயசு முடியறது. கதவோரம் அவதான் உக்காரப்போறா."

"கவலையே படாதீங்க சார். காலையில ரெடியா இருக்கும்," என்றேன்.

எங்கள் முதலாளி வெங்கடகிருஷ்ணன் அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "யோவ் உத்தமா, ஒரு சொட்டு உள்ள வரக் கூடாது. விசில் சத்தம் கேட்டுச்சு, நீ வேற இடம் பாத்துக்கோ." அவர் பேச்சே அப்படித்தான்.

என்னோடு வேலைக்கு இருந்தவன் லாயிட். பிரேசர் டவுன்காரன், என் வயது. வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் வேலையில் கறார். நான் தடி ரப்பரை அளந்து வெட்டுவதைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"இவ்ளோ தடி வேணாம் மேன். உள்ள இருந்து திறக்கப்போறது சின்னப் பொண்ணு."

"அப்பன் பக்கத்துல இருப்பாருடா. சும்மா இரு."

"அட்டையைக் கழட்டிப் பாக்கலாமா? யார் பேர் இருக்குன்னு பாத்தா, அவன் என்ன பண்ணியிருக்கான்னு தெரியும்."

"நேரம் இல்ல லாயிட். வெளி வேலை மட்டும் பாப்போம்."

கழற்றியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும்.

4:20. கதவின் கோளாறு தெரிந்தது. மேல் பக்கத்துப் பின்மூலை ஒரு விரல் அளவுக்கு வெளியே வளைந்திருந்தது. வெளியே இருந்து எதுவும் மோதிய தடம் இல்லை. உள்ளே இருந்து தள்ளி வளைத்த மாதிரி இருந்தது. பழைய ரப்பரைப் பிய்த்தேன். கை நனைந்தது. விமானம் மூன்று நாளாகக் கொட்டகைக் கூரைக்கு அடியில்தான் நின்றிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பாசி பிடித்த தண்ணீர் வாடை.

அதை யோசிக்கவெல்லாம் இல்லை. மரச்சுத்தியை எடுத்து அந்த மூலையை ஓங்கி ஓங்கித் தட்டி நேராக்கினேன். முந்தின வாரம் இதே சுத்தியல் பட்டு என் ஆள்காட்டி விரல் நகம் பாதி கறுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது விண் விண்ணென்று வலித்தது. 5:50க்கு மூலை அடங்கியது, புது ரப்பரும் ஒட்டியாயிற்று. இடைவெளி என்று ஒன்று அங்கே இருந்ததாகவே தெரியவில்லை.

6:40. முதல் சோதனை.

இது எல்லாருக்கும் தெரிந்த முறைதான். கதவு நிலையில் முகப் பவுடரைப் பூசுவோம். கதவைச் சாத்தித் திறந்தால் ரப்பரில் பவுடர் ஒட்டும். எங்கே ஒட்டவில்லையோ அங்கே இடைவெளி. கீழே, பக்கத்தில், முன்னால்... எல்லாம் வெள்ளைவெளேர் என்று ஒரே கோடு. மேல் மூலையில் மட்டும் நாலு இடம் விட்டுப்போயிருந்தது. நாலும் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றும் விரல் அகலம்.

"லாயிட், கையை வச்சியா?"

"நான் இப்பதான் டீ வாங்கிட்டு வர்றேன் மேன்."

துடைத்துவிட்டு மறுபடி பூசினேன். சாத்தினேன். திறந்தேன்.

நாலு விரல். இந்தத் தடவை ரப்பரின் உள்விளிம்பில் பவுடர் வழித்து எடுக்கப்பட்டிருந்தது.

7:02. இரண்டாவது சோதனை. செய்தித்தாளை நீளமாகக் கிழித்து, கதவு இடுக்கில் வைத்துச் சாத்தி, வெளியே இருந்து இழுத்துப் பார்ப்போம். வராவிட்டால் கதவு இறுக்கம். சுற்றிலும் ஒன்பது இடத்தில் இழுத்தேன். அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தாவது, மேல் மூலை. காகிதத்தின் நுனியைப் பிடித்தேன்.

காகிதம் உள்ளே போயிற்று.

என் விரலுக்கு நடுவிலிருந்து மெதுவாக, சரசரவென்று... உள்ளே. நான் விட்டுவிட்டேன். முழுசும் உள்ளே போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நாலு இருக்கையும் காலி.

"எலி," என்றேன்.

லாயிட் சிலுவை போட்டுக்கொண்டான். "இன்னைக்குப் போதும் மேன். காலையில வந்து பாத்துக்கலாம்."

"காலையில ஏழு மணிக்கு அந்தப் பொண்ணு இதுல ஏறுதுடா. போடா, பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினேன். பயம் எனக்கும் வந்துவிட்டது. அது தெரியக் கூடாது என்றுதான் கத்தினேன்.

கடைசிச் சோதனைக்கு இருட்டு வேண்டும். ஒருவர் உள்ளே விளக்கோடு உட்கார்ந்து ரப்பரை ஒட்டி வெளிச்சத்தைக் கொண்டுபோவார். இன்னொருவர் வெளியே கொட்டகை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பார்ப்பார். வெளிச்சம் கசிந்தால் கதவில் ஒரு தட்டு. கசியாவிட்டால் இரண்டு தட்டு. லாயிட் உள்ளே போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். நானே ஏறினேன்.

7:18. லாயிட் கதவைச் சாத்தினான். ரப்பர் 'புஸ்' என்று அமுங்கியது. கொட்டகை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

கீழ் விளிம்பு. டக் டக்.

முன் விளிம்பு. டக் டக்.

பின் விளிம்பு. டக் டக்.

மேல் மூலை...

டக்.

ஒன்றுதான். கசிகிறதா? விளக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

டக்.

அந்தச் சத்தம் கதவிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், பின் இருக்கையிலிருந்து வந்தது.

விளக்கு அணைந்தது.

"லாயிட்!"

கைக்கடிகாரத்தின் பச்சை முள் மட்டும் தெரிந்தது. 7:22.

கால் சில்லிட்டது. ஷூவுக்குள் தண்ணீர். கணுக்கால் வரை. சலக்... சலக்... முழங்கால் வரை. பாசி வாடை மூக்கில் ஏறியது.

இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. என் ரப்பர். நான் போட்ட ரப்பர்!

என் காதுக்குப் பக்கத்தில் ஒருத்தி மூச்சு வாங்கினாள். சின்னச் சின்ன மூச்சு. அவசர மூச்சு.

முருகா... முருகா...

என் கை மேல் ஒரு கை விழுந்தது. ஈரமான கை. அது கைப்பிடியை என்னோடு சேர்ந்து இழுக்கவில்லை.

அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் நெஞ்சு வரை வந்தது.

பிறகு அந்தக் கை என் இடது கையை மேலே தூக்கியது. மூலைக்கு. நான் அடித்து அடைத்த மூலைக்கு. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடைவெளியே இல்லாத அந்த இடுக்கில் வைத்தது.

தள்ளியது.

வலித்தது. அலறினேன்.

மறுபடி தள்ளியது.

வாயில் தண்ணீர்.

மறுபடி...

7:26. கதவு திறந்தது.

சிமெண்டுத் தரையில் விழுந்தேன். லாயிட் டார்ச்சோடு நின்றான். என் சட்டை, ஷூ, சாக்ஸ் எல்லாம் காய்ந்தே இருந்தன. ஆள்காட்டி விரலில் மட்டும் ரத்தம் கொட்டியது. கறுத்த நகம் வேரோடு காணோம்.

"நாலு நிமிஷமா இழுக்கறேன் மேன், கதவு வரவே இல்ல," என்றான். "ஏன் உள்ள பிடிச்சுக்கிட்டே?"

"நான் பிடிக்கலடா."

அவன் டார்ச்சை ஜன்னல் பக்கம் திருப்பினான். "ஜன்னல்ல டார்ச் அடிச்சேன். கைப்பிடியில மூணு கை இருந்துச்சு."

சத்தம் கேட்டு வெங்கடகிருஷ்ணன் வந்தார். பேயைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரிப்பார். ரப்பர் அதிகத் தடி, உள்ளே இருந்து கதவு திறக்கவில்லை, பிய்த்துவிட்டு ஒட்ட நடு ராத்திரி ஆகும் என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தம் கட்டி இழுத்தார். திறந்தது.

"வருதேய்யா."

"பத்து வயசுப் பொண்ணு சார்."

"திறக்க அப்பன் இருக்கான்ல. விசில் வருமா வராதா?"

"வராது சார்."

"அப்ப கையெழுத்தைப் போடு."

போட்டேன். ரத்தம் கசிகிற விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, 'கதவு சரியாக உள்ளது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தக் குழந்தை எந்தக் கதவோரம் உட்காரப்போகிறது, அந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயம். கோழை என்பார்களே என்ற வெட்கம். லாயிட் என் முகத்தையே பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மூச்சு. காலை 5:45க்கு மனசு கேட்காமல் கிளம்பினேன். எப்படியாவது விமானத்தை நிறுத்திவிட வேண்டும். ப்ரஹ்லாதுக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. சில்க் போர்டில் லாரி ஒன்று குறுக்கே நின்று, அங்கேயே நாற்பது நிமிடம். சனிக்கிழமை காலையில்! ஹேண்டில்பாரில் தலையை முட்டிக்கொண்டு ஆட்டோக்காரர் திட்டினார், நான் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

7:24க்குத் திடலில் கால் வைத்தேன். விமானம் 7:05க்கே போய்விட்டிருந்தது. லாயிட் வேலி ஓரத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சீக்கிரம் வந்திருக்கிறான். அவனும் நிறுத்தவில்லை.

7:51. விமானம் இறங்கியது. எஞ்சின் அணைந்தது. நாங்கள் ஓடினோம்.

கண்ணாடி வழியாக அதிதி தெரிந்தாள். புதுப் பட்டுப் பாவாடை. இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. ப்ரஹ்லாத் குறுக்கே சாய்ந்து இழுத்தார். வரவில்லை. நான் வெளியே இருந்து இழுத்தேன். வரவில்லை. குழந்தையின் முகம் கோணியது. அழ ஆரம்பித்தாள். அந்த அழுகைச் சத்தம் வெளியே துளியும் கேட்கவில்லை. அவ்வளவு இறுக்கம்.

அப்போது மேல் மூலை வெளியே வளைந்தது. என் கண் முன்னால். மெதுவாக, ஒரு விரல் அளவுக்கு. தடி ரப்பர் நாலு இடத்தில் பிய்ந்து தொங்கியது.

டப்.

கதவு திறந்தது. அதிதி அழுதுகொண்டே என் மேல் விழுந்தாள். மூலை வளைந்தபோது அவளுடைய இரண்டு கையும் கைப்பிடியில்தான் இருந்தன, அவள் அப்பா கையும் அங்கேதான் இருந்தது. மூலையை யார் தொட்டது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

10:30. ப்ரஹ்லாத் கத்தித் தீர்த்துவிட்டுப் போன பிறகு, நானும் லாயிட்டும் அந்த உள் அட்டையைக் கழற்றினோம். எட்டுத் திருகு. எட்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. பல நாளாக யாரும் தொடவில்லை.

தகட்டில் பென்சில் எழுத்து இருந்தது. லாயிட் படித்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

'உத்தமன். 9.8.2019. ஈ கூட நுழையாது.'

என் கையெழுத்து. அதே சாய்வு, அதே சுழி. வெளியூர் விமானம் ஏதோ வந்து, அவசரமாகப் போட்டுக் கொடுத்திருப்பேன். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. வருடத்துக்கு முப்பது கதவு போடுகிறவனுக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்?

எழுத்துக்குக் கீழே தகட்டில் நாலு கீறல். ஒரு கீறலின் முடிவில் ஏதோ செருகியிருந்தது. லாயிட் குறட்டால் உருவி என் உள்ளங்கையில் வைத்தான்.

நகம். பாதி கறுத்த நகம்.

அந்தக் கதவை ப்ரஹ்லாதுக்கு விற்றவர் ஓசூரில் பழைய விமான உதிரிபாக வியாபாரம் செய்யும் ராஜேஷ்குமார். லாயிட்தான் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லவில்லை. அவர் உற்சாகமாகப் பேசினார்.

"அந்தக் கதவா? அது அணையில விழுந்த விமானத்தோட கதவுங்க. 2019 செப்டம்பர். ஓட்டினவர் முன்கண்ணாடி உடைஞ்சு வெளியே வந்துட்டாரு. பக்கத்துல இருந்தது அவர் சம்சாரம், சிந்துன்னு பேரு. கல்யாணமாகி மூணு மாசம். அந்த ஆள் தண்ணியில நின்னு நாலு நிமிஷம் கதவைப் பிடிச்சு இழுத்திருக்காரு. வரல. அந்தம்மா உள்ள இருந்து மேல் மூலையை விரலாலயே நெம்பியிருக்கு. அங்க மட்டும்தான் லேசா வளைஞ்சிருந்துது, மத்தபடி கதவுக்கு ஒண்ணுமே ஆகல."

லாயிட் போனை அணைக்கக் கை நீட்டினான். அதற்குள் அவர் சிரித்துக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஒன்பது நாள் தண்ணிக்குள்ள கிடந்தும் ரப்பர் பிரியல சார். நான் பிய்க்கவே அரை நாள் ஆச்சு. எவன் போட்டானோ தெரியல... கில்லாடி!"